ஆவணி பிறக்கட்டும்

போன வாரம் ஒரு வாசகி இ-மெயில் அனுப்பியிருந்தார். கோயம்புத்தூர்க்காரர். கணவருக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாம். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. 'உங்கள் பத்தியைப் படித்துப் படித்து விழுப்புரம் எனக்குப் பாதி தெரிந்த ஊர் ஆகிவிட்டது. மீதியையும் நீங்களே சொல்லிவிடுங்கள் மேடம் – எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?' என்று கேட்டு, கீழே வரிசையாக ஐந்து கேள்விகள்.

எனக்குச் சொல்ல வேண்டுமா? ஏரியா சொல்வதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. டீயை ஆற விட்டுவிட்டு அப்போதே பதில் தட்ட உட்கார்ந்தேன்.

முதல் கேள்வி, தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. முனிசிபல் குழாய் வாசலுக்கே வருகிற வீடாகப் பாருங்கள் என்று எழுதினேன்.

இரண்டாவது, ஸ்கூல். இது ஜங்ஷன் ஊர். நாலா பக்கமும் ரயில் போகும். ஸ்கூல் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே வீடு பார்ப்பது உத்தமம். இல்லையென்றால் குழந்தையின் பாதிப் படிப்பு ரயில்வே கேட்டிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, கொசு. அது எல்லா ஏரியாவிலும் உண்டு. பணக்காரத் தெரு, ஏழைத் தெரு என்று அது பார்ப்பதில்லை. இந்த ஊரில் பேதமில்லாமல் எல்லோர் வீட்டுக்குள்ளும் போய் வருகிற ஜீவன் அது ஒன்றுதான்.

இதுவரை பத்தே நிமிஷம். நான்காவது கேள்வியில் விரல் நின்றுவிட்டது.

'அக்கம்பக்கம் டீசன்ட்டான ஆட்களாக இருக்கிற ஏரியாவாகச் சொல்லுங்கள்.'

அதற்குக் கீழே ஐந்தாவது – 'ஆடி மாதத்தில்தான் வர வேண்டியிருக்கும் போலிருக்கிறது. ஆடியில் குடி போகலாமா, தப்பா?'

தப்பான கேள்விகளே இல்லை. யாரும் கேட்பதுதான். ஆனால் மூன்று நாளாக அந்த மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஏன் என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கத்தில் என் அசட்டுத்தனங்களையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இது சிரிக்கிற விஷயமில்லை. பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

1993-ல் தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. புதுப்புது ஆபீஸ்கள். சென்னையிலிருந்தும் கடலூரிலிருந்தும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. ஊருக்குள் வீடு கிடைக்காத காலம். மாட்டுக் கொட்டகைக்கு வெள்ளையடித்து 'சிங்கிள் போர்ஷன்' என்றார்கள். என் கணவருக்குத் திண்டிவனத்தில் வாத்தியார் வேலை. தினமும் போய் வரலாம் என்று இங்கேயே கடன் வாங்கி ஒரு வீட்டை வாங்கிவிட்டோம். கீழே நாங்கள். மாடியில் ஒரு போர்ஷன், வாடகைக்கு.

நான் வளர்ந்தது வடசென்னையில் ஒரு ரயில்வே காலனியில். அப்பா ரயில் கார்டு. எங்களுக்குக் 'காலனி' என்றால் கௌரவம். காலனிப் பொங்கல், காலனி லைப்ரரி, காலனி கிரிக்கெட் டீம். 'எங்கே இருக்கீங்க?' என்று கேட்டால் 'காலனியில' என்று கொஞ்சம் தலையை நிமிர்த்திச் சொல்வோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டம் பிரிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து எங்கள் செக்‌ஷனுக்கு டைப்பிஸ்ட்டாக அமுதா வந்தாள். கண்டமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். கணவன் ஏழுமலை பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நாலு வயதில் கயல் என்று ஒரு பெண். ஒல்லியான உடம்பு, ஆனால் டைப்ரைட்டரில் உட்கார்ந்தால் ரயில் ஓடுகிற சத்தம். தப்பே வராது. என் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் படிப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள். மூன்று மாதமாம். கயலுக்குப் பிறகு ஒன்று உண்டாகி, ஐந்தாம் மாதம் தங்காமல் போய்விட்டதாம். இந்தத் தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் – பஸ் கூடவே கூடாது.

"லீவு போடேன்" என்றேன்.

"இன்னும் புரொபேஷன் முடியலீங்க மேடம். லீவு போட்டா வேலைக்கே ஆபத்தாயிடும். பஸ்ஸுதான் பேஜாரு. கண்டமங்கலத்துல ஏறும்போதே நிக்கத்தான் எடம் இருக்குது. நின்னுக்கினே வரணும்."

அந்தக் காலத்துப் பாண்டி ரோடு எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளத்துக்கு நடுவில் அங்கங்கே ரோடு.

ஆக, ஒரே வழி. விழுப்புரத்தில், ஆபீசுக்கு நடந்து வருகிற தூரத்தில், ஒரு வீடு. அதுவும் சீக்கிரம்.

"விடு, நான் பாத்துத் தர்றேன்" என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. உபயோகமில்லாத ஃபைல் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் ஊரின் மேப்பையே வரைந்தேன். ஆபீஸ் நடுவில். குழாய் வருகிற தெருவுக்கு நீலம், ஸ்கூல் பக்கத்தில் இருக்கிற தெருவுக்குப் பச்சை, லேடி டாக்டர் இருக்கிற தெருவுக்குச் சிவப்பு. மூன்று கலரும் சேர்கிற இடத்தில் வீடு. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். செக்‌ஷனில் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அமுதா மட்டும் அந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

உங்களுக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கும். மாடி போர்ஷன் இருந்ததே?

இருந்தது. அதில் குடியிருந்த குடும்பம் அந்த வருஷம் வைகாசியில்தான் காலி செய்துவிட்டுப் போனது. வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. அதோடு, ஆபீஸ் ஆட்களுக்கு வீடு விடுவதில்லை என்று எனக்கு ஒரு கொள்கை. நாளைக்குக் குழாயடித் தகராறு ஃபைல் வரைக்கும் வந்துவிடும் பாருங்கள். அதனால் ஆரம்பத்தில் மாடி என் நினைப்பிலேயே வரவில்லை. இது நிஜம்.

முதலில் பார்த்த வீடே அமைந்துவிடும் போலிருந்தது. தெருவின் பெயர் வேண்டாம் – அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று கலரும் சேர்கிற தெரு. இரண்டு ரூம், தனி பாத்ரூம், பின்பக்கம் துணி காயப் போட இடம், வாசலில் குழாய். ஆபீசுக்குப் பத்து நிமிஷம் நடந்தால் போதும். கயல் உள்ளே ஓடி, ஒவ்வொரு அலமாரியையும் திறந்து பார்த்து, எந்த அலமாரி தன் பொம்மைக்கு என்று முடிவு செய்துவிட்டாள். ஹவுஸ் ஓனரம்மா நல்ல மாதிரி. உள்ளே காபி போடச் சொல்லிவிட்டு, எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"கண்டமங்கலம் பக்கங்க" என்றாள் அமுதா.

"பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"அட, எங்க நாத்தனாரைக்கூட அங்கதான் குடுத்திருக்குது. அந்த ஊர்ல எங்க?"

அமுதா தரையைப் பார்த்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். இந்தப் பெண்களுக்குத் தங்கள் பெருமையைச் சொல்லிக்கொள்ளவே தெரியாது என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் 'எங்களுது காலனி வூடு மேடம், சொந்த வூடு' என்று அவளே சொல்லியிருந்தாள். சரி, சிபாரிசுக்கு வந்தவள் நான்தானே?

"காலனியிலதாங்க" என்றேன், எங்கள் ரயில்வே காலனி நிமிர்வோடு. "சொந்த வீடே இருக்கு. ஒண்ணுக்கும் குறைச்சல் இல்ல."

காபி வாசனை வந்தது. காபி வரவில்லை.

அந்தம்மா எழுந்து உள்ளே போய்விட்டு வந்தார். முகத்தில் கோபமெல்லாம் இல்லை. இன்னும் கொஞ்சம் மரியாதைகூடக் கூடியிருந்தது. பெரிய பையன் பெங்களூரில் இருக்கிறானாம், அவனை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சொல்லி அனுப்புகிறாராம். அதற்கு முந்தின அரை மணி நேரத்தில் பெங்களூர்ப் பையன் என்று ஒருவன் பேச்சில் வரவே இல்லை.

திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. அந்தம்மா ஏன் திடீரென்று பையனை இழுக்கிறார் என்று கேட்டேன்.

அமுதா வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மேடம், உங்க ஊர்ல காலனின்னா வேறங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள், கோபமே இல்லாமல், குழந்தைக்குப் பாடம் சொல்கிற மாதிரி. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் 'ஊர்' என்றால் ஒரு இடம், 'காலனி' என்றால் இன்னொரு இடம். நடுவில் ஒரு வாய்க்காலோ வயலோ இருக்கும். ஊரில் இருப்பவர்கள் ஊர்க்காரர்கள். தலித்துகள் இருக்கிற இடம் காலனி. சர்க்கார் கட்டிக் கொடுத்த வீடுகள், அதனால் காலனி வீடு. 'அந்த ஊர்ல எங்க?' என்று கேட்டால் வீட்டு நம்பரைக் கேட்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

கூட்ஸ் வண்டி போய் முடிந்தும் நான் நகரவில்லை. பின்னால் நின்ற சைக்கிள்காரர் மணியடித்தார்.

வெட்கமாக இருந்தது. மூன்று வருஷமாக இந்த மாவட்டத்தின் தபால்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை முகவரிகளில் 'காலனி' என்று பார்த்திருப்பேன். அத்தனை கிராமத்துக்கும் ரயில்வே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வந்துவிட்டது என்றா நினைத்தேன்?

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்று அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள். "அடுத்த வாட்டி நீங்க பேச வாணாம். கூட மட்டும் வாங்க."

அடுத்த வாட்டி, அதற்கடுத்த வாட்டி என்று ஆனி மாதம் முழுக்க அலைந்தோம். ஆபீஸ் விட்டதும் ஒரு தெரு, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தெரு. ஏழுமலை வாடகைச் சைக்கிளில் கயலை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பின்னாலேயே வருவான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தும் பிரயோஜனமில்லை என்று தெரிந்துகொண்டேன். எந்த வீட்டிலும் முதலில் கேட்பது ஆள் எத்தனை பேர் என்று இல்லை. சொந்த ஊர் எது என்றுதான். அதற்குப் பிறகு 'அங்க எங்க?'

ஒரு வீட்டில் பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், திடீரென்று இடம் தேவைப்படுமாம். ஒரு வீட்டில் நேற்றுத்தான் வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டார்களாம். யாருமே கடுமையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். டீசன்ட்டான ஆட்கள்.

இதில் ஒரு கூத்து. ஊருக்கு வெளியே புதிதாக மனை போட்டு வீடுகள் கட்டியிருந்த ஓர் இடம். நுழையும்போதே சிமெண்ட் வளைவு, அதில் கொட்டை எழுத்தில் 'அலுவலர் காலனி'. அதற்குள் இருந்த ஒரு ரிட்டயர்டு ஆபீசர், தன் காலனி வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "காலனி ஆளுங்களா?" என்று ஏழுமலையிடம் தணிந்த குரலில் விசாரித்தார். வளைவை நிமிர்ந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை.

ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஏழுமலை ஒரு தடவை கேட்டான். ஜல்தியாக ஒரு வீடு கிடைத்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் கட்சி. எனக்கும் அது சரியென்றே பட்டது. அமுதா ஒத்துக்கொள்ளவில்லை.

"பொய் சொல்லிக்கினு பூந்த வூட்ல எப்பிடிங்க புள்ளைய பெத்துக்கிறது? கதவ யாராச்சும் தட்டுனா பயந்துக்கினே இருக்கணும்."

ஊரின் கோடியில் அவர்கள் ஆட்களே இருக்கிற ஒரு பகுதியில் இடம் கிடைக்கும்தான். ஆனால் அங்கிருந்து ஆபீசுக்கு மறுபடி பஸ். எதற்குப் பயந்து வீடு மாறுகிறார்களோ, அதே பஸ். என் மேப்பில் ஒவ்வொரு தெருவாகப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தேன். கலர் எதுவும் தெரியாமல் போயிற்று.

ஆடி பிறந்து முதல் ஞாயிறு.

இன்னொரு வீடு பார்க்கப் போவதற்காக மூன்று பேரும் காலையில் என் வீட்டுக்கு வந்தார்கள். அமுதாவுக்கு லேசாக வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. மோர் கொடுத்தேன். பேசிக்கொண்டிருந்தோம். கயலைக் காணோம். கூப்பிடுவதற்குள் மாடிப் படிகளில் திடுதிடுவென்று இறங்கி வந்தாள்.

"யம்மா, மேல வூடு காலியா கீது. ஜன்னல்ல பாத்தேன். யாருமே இல்ல."

ஏழுமலை சைக்கிள் பக்கம் திரும்பிக்கொண்டான். அமுதா குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"ஆடி பொறந்துடுச்சே" என்றேன் நான். "ஆடியில யாரும் குடி மாற மாட்டாங்க. ஆவணி பொறக்கட்டும், பாக்கலாம்."

யாருமே என்னை எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"சரிங்க மேடம்" என்றாள் அமுதா.

ஆடியில் குடி மாற மாட்டார்கள் என்று சொன்ன பிறகு, அன்று வேறு வீடு பார்க்கப் போவது எப்படி? மோர் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு அப்படியே ஊருக்குத் திரும்பிப் போனார்கள். என் ஒரு வார்த்தையில் மாடி மட்டும் மூடவில்லை. ஒரு மாதத்துக்கு ஊரே மூடிவிட்டது.

அந்த நிமிஷம் என் மனதில் என்ன ஓடியது? பல வருஷமாக எனக்கு நானே விசாரணை நடத்திப் பார்த்துவிட்டேன். மாமியார் மேல் பழியைப் போடலாம் என்றால், அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கணவர் மேல் போடலாம் என்றால், அன்று ராத்திரி சாப்பிடும்போது, "மாடியில அந்தப் பொண்ணையே வெச்சுக்கலாமே" என்று அவர்தான் ஆரம்பித்தார். பிறகு "உன் இஷ்டம்" என்று கையைக் கழுவப் போய்விட்டார். மிச்சம் இருந்தது நான்தான். எதிர்வீட்டு அம்மா வந்து, 'மாடிக்கு யாரு வந்திருக்காங்க, எந்த ஊரு?' என்று கேட்பார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் 'அங்க எங்க?' என்பார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். பெரிய பயம் ஒன்றுமில்லை. அந்த ஒரு பதிலுக்குத்தான் பயந்தேன். ரயில்வே கேட்டில் நின்று வெட்கப்பட்டேனே, அந்த வெட்கமெல்லாம் ஆனி மாதத்தோடு முடிந்துவிட்டிருந்தது.

ஆடிப் பௌர்ணமி அன்று பஸ்ஸெல்லாம் கூட்டம். திருவக்கரைக் கோயிலுக்குப் போகிறவர்கள். அமுதா அன்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறி, படிக்குப் பக்கத்திலேயே விழுப்புரம் வரை நின்றுகொண்டு வந்திருக்கிறாள். பதினொரு மணிக்கு என் டேபிள் பக்கம் வந்தாள்.

"மேடம், ஆஸ்பத்திரிக்குப் போவணும். கூட வர்றீங்களா?"

புடவையின் பின்பக்கத்தை ஒரு ஃபைலால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளம் வரும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகும். டாக்டரம்மா ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, நான் அந்தப் பெண்ணுக்கு என்ன உறவு என்று கேட்டார். கூட வேலை பார்க்கிறேன் என்றேன். பஸ்ஸில் போகாதே என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று என்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். இதுவும் ஐந்தாம் மாதம்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பஸ்ஸால்தான் போயிற்று என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. வீடு மாறியிருந்தாலும் அந்தக் குழந்தை தங்காமல் போயிருக்கலாம். இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கொஞ்ச நேரம்தான்.

அமுதா திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தலையில் நரை. சூப்பரின்டென்டென்ட் ஆகிவிட்டாளாம். பக்கத்தில் ஸ்கூல் யூனிபார்மில் உயரமாக ஒரு பெண். கயல். என்னை அடையாளம் தெரியாமல் சிரித்தாள். ஒரே பெண்ணா என்று நான் கேட்கவில்லை. அவளே, "கயல் ஒண்ணுதாங்க மேடம்" என்றாள்.

பேச ஒன்றும் கிடைக்காமல், பழக்க தோஷத்தில் என் வாய் அந்தக் கேள்வியைத்தான் கேட்டது.

"திண்டிவனத்துல எந்த ஏரியாவுல இருக்கே?"

அமுதா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது.

"காலனியிலதாங்க மேடம். சொந்த வூடே இருக்குது. ஒண்ணுக்கும் குறைச்சல் இல்ல."

நான் அன்று ஓனரம்மாவிடம் சொன்ன அதே வார்த்தைகள். ஒன்றைக்கூட அவள் மறக்கவில்லை. அவர்கள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் முடித்துவிட்டால் பத்தி நன்றாகத்தான் இருக்கும். நீங்களும் 'மனதைத் தொட்டது மேடம்' என்று எழுதுவீர்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் மூன்று நாள் ஆயிற்று.

அமுதா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன அந்த வாரம் ஒரு பேங்க் மேனேஜர் குடும்பத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். கும்பகோணத்திலிருந்து மாற்றல். மனைவி, கைக்குழந்தை. லாட்ஜில் தங்கியிருந்தார்கள். சொந்த ஊர் கேட்டேன். சொன்னார். 'அங்க எங்க?' என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவரே தெருப் பெயரோடு சொல்லிவிட்டார். மறுநாளே வெள்ளையடிக்க ஆள் விட்டேன். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள், குடித்தேன்.

அமுதா லீவு முடிந்து வந்த அன்று, மாடி வீட்டம்மா கொடுத்தனுப்பிய பலகாரத்தை செக்‌ஷனில் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். புத்தியில்லாமல் அவளுக்கும் ஒன்றை நீட்டினேன்.

"மாடிக்கு ஆளு வந்துட்டாங்களா மேடம்?" என்றாள். "எப்ப வந்தாங்க?"

"போன மாசம்" என்று வாயில் வந்துவிட்டது.

அப்போது ஆவணி பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. போன மாசம் என்றால் எந்த மாசம் என்று அமுதாவுக்குத் தெரியாதா? பலகாரத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு பேப்பரில் மடித்து டிராயருக்குள் வைத்தாள். டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகினாள். அன்று முழுக்க அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

கோயம்புத்தூர் சகோதரிக்கு இன்று காலையில்தான் பதில் அனுப்பினேன். தண்ணீர், ஸ்கூல், கொசு மூன்றையும் விவரமாக எழுதிவிட்டு, மிச்ச இரண்டு கேள்விக்கும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறேன்:

'டீசன்ட்டான ஆட்கள் இருக்கிற ஏரியா கேட்டிருந்தீர்கள். எங்கள் தெருவுக்கே வந்துவிடுங்கள், மாடி காலியாகத்தான் இருக்கிறது. ஆடியானாலும் பரவாயில்லை – அதெல்லாம் நாங்கள் ஆளைப் பார்த்துத்தான் பார்ப்போம்.'